முதலில் எது? நிகண்டிலிருந்து யூனிகோடு வரை தமிழின் வரிசைமுறை

செகந்திராபாத் பாளையத்தின் ஒரு பகுதியாக வளர்ந்த ஊர் திருமுல்கேரி. ஆங்கிலேயர் காலத்தில் சென்னைப் படையோடும் அதன்பின் பிழைப்பு நாடியும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இப்பாளையப் பகுதியில் தெலுங்குக் குடும்பங்களோடு தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இத்தகைய ஊரில் ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டால், இரு மொழியினரின் பெயர்களும் ஒரே தோற்றத்தில் நிற்கும்: முன்னால் ஒரு தலைப்பெழுத்து, பின்னால் ஒரு பெயர். தோற்றம் ஒன்று, பொருள் வேறு. தெலுங்கரின் தலைப்பெழுத்து பெரும்பாலும் ‘இண்டிபேரு’ எனப்படும் வீட்டுப் பெயரைக் குறிக்கும். பாட்டன், தந்தை, மகன் மூவருக்கும் அது ஒன்றே. தமிழரின் தலைப்பெழுத்தோ பொதுவாகத் தந்தையின் பெயரைக் குறிக்கும். தந்தைக்கு ஒன்று, மகனுக்கு வேறொன்று.

அப்பதிவேட்டைத் தலைப்பெழுத்தை முதலாகவும் பெயரை அடுத்ததாகவும் கொண்டு வரிசைப்படுத்தினால், தெலுங்குக் குடும்பம் ஓரிடத்தில் கூடும். தமிழ்க் குடும்பம் தலைமுறைதோறும் சிதறும். பெயரை முதலாகவும் தலைப்பெழுத்தை அடுத்ததாகவும் கொண்டால் இரண்டுமே சிதறும். ஆனால் பெயர் தெரிந்த ஒருவரைத் தேடுவது எளிதாகும். பல புலங்கள் கொண்ட பதிவுகளை வரிசைப்படுத்துதல் என்று கணினியியல் பாடநூல்கள் ஒரு பயிற்சியாகத் தரும் சிக்கல் இதுதான். ஒவ்வொரு பதிவிலும் பல புலங்கள் உண்டு. எந்தப் புலத்தை முதல் திறவுகோலாகக் கொள்வது? அதில் இரண்டு பதிவுகள் சமமானால் அடுத்து எதைப் பார்ப்பது? விடையைப் பொறி தராது. பட்டியலைப் பயன்படுத்துவோர் யார், அவர் எதை அறிந்துகொண்டு வருகிறார், எதைத் தேடுகிறார் என்னும் முன்முடிவே விடையைத் தருகிறது. தமிழில் இந்த முன்முடிவுக்கு நீண்ட வரலாறு உண்டு.

அகப்பாடல் ஒன்றை ஒரு பதிவாகக் கொள்ளலாம். பாடிய புலவர், திணை, கூற்று நிகழ்த்துவோர், அடியளவு ஆகியவை அதன் புலங்கள். எட்டுத்தொகையைத் தொகுத்தோர் இப்புலங்களை ஒரே விதமாகக் கையாளவில்லை. அகவற்பாவால் ஆன மூன்று அகத்தொகைகளைப் பிரிக்கும் முதல் புலம் அடியளவு: 4 முதல் 8 அடி வரையிலானவை குறுந்தொகை, 9 முதல் 12 வரையிலானவை நற்றிணை, 13 முதல் 31 வரையிலானவை அகநானூறு. விதிவிலக்குகள் மிகச் சிலவே. பொருள் கருதாமல் அளவு கருதிப் பிரித்த பிரிவு இது. ஐங்குறுநூற்றிலோ அடியளவு மட்டும் போதவில்லை. 3 முதல் 6 அடி வரையிலான 500 பாடல்களும் திணைவாரியாக ஐந்து நூறுகளாகவும், ஒவ்வொரு நூறும் பத்துப் பத்துகளாகவும் அடுக்கப்பட்டன. மருதம் ஓரம்போகியார், நெய்தல் அம்மூவனார், குறிஞ்சி கபிலர், பாலை ஓதலாந்தையார், முல்லை பேயனார் என ஒவ்வொரு திணையும் ஒரே புலவருக்கு உரியதாகையால், திணை, புலவர் என்னும் இரு புலங்களும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

அகநானூற்றின் அடுக்குமுறை இவற்றினின்றும் வேறுபட்டது. அதைத் தொகுத்தவர் உருத்திரசன்மர் என மரபு கூறும். ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். பத்து, இருபது என முடிபவை நெய்தல். 400 பாடல்களில் பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் நாற்பது நாற்பது. ஒரு பாடலின் எண்ணைப் பத்தால் வகுத்து மீதியைப் பார்த்தால் திணை தெரிந்துவிடும். ஒரே திணைப் பாடல்களை ஓரிடத்தில் குவிக்காமல், எண்ணுக்குள்ளேயே திணையைப் பொதித்து வைத்த அமைப்பு இது. இதற்கு மற்றுமொரு பயன் உண்டு: ஏடு பெயர்த்தெழுதும்போது ஒரு பாடல் இடம் மாறினால் திணை வரிசை அதைக் காட்டிக்கொடுக்கும்.

இவை அனைத்திலும் ஒரு பொதுக்குறை இருந்தது. கபிலர் பாடிய பாடல்கள் அனைத்தையும் ஒருசேரக் காண விரும்புவோருக்கு இவ்வமைப்புகளில் எதுவும் உதவாது. அவை வேறு வேறு தொகைகளில், வேறு வேறு திறவுகோல்களின் கீழ்க் கிடக்கின்றன. அச்சுக்காலத்தில் உ. வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் இறுதியில் பாட்டு முதற்குறிப்பு அகராதியையும் அரும்பத அகராதியையும் சேர்த்ததன் அருமை இங்கே விளங்கும். மூலத்தின் வரிசையைக் குலைக்காமல், அதே தரவுக்கு வேறு திறவுகோல்களால் ஆன பட்டியல்களை அவர் உடன் வைத்தார். இன்றைய தரவுத்தளங்கள் அட்டவணையைத் தொடாமல் துணைச் சுட்டுவரிசைகளை உருவாக்குவதும் இந்நோக்கத்தோடுதான்.

சொற்களை அடுக்கிய வரலாறு இதனினும் தெளிவானது. பழைய நிகண்டான திவாகரம் பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று முதல் பத்துத் தொகுதிகள் பொருள்வகையால் செல்லும். பதினோராம் தொகுதி ஒரு சொல்லுக்குப் பல பொருள் உரைப்பது. பன்னிரண்டாவது தொகைப் பெயர்களைக் கூறுவது. முதல் பத்துத் தொகுதிகளில் முதல் திறவுகோல் பொருள். யானையைக் குறிக்கும் சொற்கள் எவை என்று கேட்பவருக்கு விடை ஓரிடத்தில் கிடைக்கும். களிறு என்றால் என்ன என்று கேட்பவர், அது ஒரு விலங்கின் பெயர் என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

பதினோராம் தொகுதிக்குப் பொருள் திறவுகோலாக முடியாது. அங்கே ஒரு சொல்லுக்கே பல பொருள். எனவே சொல்லின் வடிவத்தையே பற்றிக்கொள்ள வேண்டும். மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு இத்தொகுதியில் தேர்ந்தெடுத்த திறவுகோல் இன்றைய வாசகரை வியக்கச் செய்யும். அது முதலெழுத்தன்று; இரண்டாம் எழுத்து. ககர எதுகை, ஙகர எதுகை எனச் சொற்கள் எதுகைவாரியாகத் திரட்டப்பட்டன. கரம், சரம், மரம், வரம் ஆகியவை இம்முறையில் அண்டை வீட்டார். இன்றைய அகராதியிலோ வெவ்வேறு ஊரார்.

இதை முறையின்மை என்று கருதுவது பிழை. நிகண்டு, பார்த்துத் தெரிந்துகொள்ளும் நூலாக இருக்கவில்லை. மனப்பாடம் செய்யும் நூலாக இருந்தது. திண்ணைப் பள்ளி மாணவன் விருத்தத்தை ஓதி நினைவில் இருத்தினான். விருத்தத்தின் நான்கடிகளும் எதுகை ஏற்று வருவதால், ஒரே எதுகைச் சொற்கள் ஒரு பாடலில் இயல்பாக அமர்ந்தன; ஓரடியின் எதுகை அடுத்த அடியை நினைவுக்கு அழைத்துவந்தது. தரவு தங்கியிருந்த இடம் மனித நினைவு. அந்நினைவுக்கு ஏற்ற திறவுகோல் எதுகை. செய்யுள் இயற்றுவோருக்கும் வேண்டியது அதுவே.

முதலெழுத்து முதல் திறவுகோலானது சிதம்பரம் இரேவண சித்தரின் அகராதி நிகண்டில். 1594இல் இயற்றப்பட்ட இந்நூல்தான் ‘அகராதி’ என்னும் சொல்லைத் தலைப்பில் தாங்கியது. ஆயினும் இதுவும் செய்யுள் நூலே. முதலெழுத்தால் சொற்கள் பிரிக்கப்பட்டன. அப்பிரிவுக்குள் இரண்டாம், மூன்றாம் எழுத்துகளின் வரிசை பேணப்படவில்லை. ககரப் பிரிவு எங்கே என்று வாசகருக்குத் தெரியும். அதன்பின் அப்பிரிவு முழுவதையும் அவர் படித்தாக வேண்டும். ஒரே ஒரு புலத்தால் வரிசைப்படுத்திச் சமமானவற்றை அப்படியே விட்டுவிட்ட நிலை இது. யாப்பு அதற்கு மேல் இடம் தராது. ஓசைக்கு ஏற்பச் சொல்லை நகர்த்த வேண்டிய செய்யுளில், ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய வரிசையைக் காக்க இயலாது. இரு திறவுகோல்கள் மோதும்போது ஒன்று தோற்றாக வேண்டும். ஐரோப்பாவிலும் அகரவரிசை உடனே இயல்பாகிவிடவில்லை. 1604இல் ஆங்கில அகராதி வெளியிட்ட இராபர்ட் காட்ரி, எழுத்துகளின் வரிசையைப் புத்தகம் பாராமல் அறிந்துவைத்துத் தேடுமாறு முன்னுரையில் வாசகருக்குக் கற்பிக்க வேண்டியிருந்தது.

1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை உருவாக்கியபோது செய்யுளைக் கைவிட்டார். அதனால் முதலெழுத்தைத் தொடர்ந்து அடுத்தடுத்த எழுத்துகளும் வரிசையில் இடம்பெற முடிந்தது. இந்நூலின் பெயரே அதன் கட்டமைப்பைச் சொல்கிறது: பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு அகராதிகள். சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்ல ஒன்று. பொருளிலிருந்து சொற்களுக்குச் செல்ல ஒன்று. தொகைப் பெயர்களை விரித்தறிய ஒன்று. எதுகைச் சொற்களைத் தேடும் புலவருக்காக ஒன்று. நிகண்டின் பழைய திறவுகோல்களை அவர் தூக்கி எறியவில்லை. தேடுவோர் நால்வர் என ஏற்று, மொழியின் சொற்களை நால்வருக்கும் நான்கு விதமாக அடுக்கினார். தமிழ் அகராதியியலில் இதைவிடத் தெளிந்த வடிவமைப்பு முடிவுகள் சிலவே.

எல்லா எழுத்துகளையும் கருதும் வரிசைக்கு ஒரு முன்தேவை உண்டு: சொல்லை ஐயமின்றி எழுத வேண்டும். ஓலையில் புள்ளி இடும் வழக்கம் அருகியிருந்தது. மெய்யெழுத்தும் அகர உயிர்மெய்யும், எகரக் குறிலும் அதன் நெடிலும் வரிவடிவில் வேறுபடாத நிலையில் வாசகர் சூழலால் உணர்ந்துகொண்டார். உணர்ந்து படிக்க இது போதும், வரிசைப்படுத்தப் போதாது. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை வரிவடிவில் காட்ட முற்பட்டவரும், முழு அகரவரிசையில் அகராதி தொகுத்தவரும் ஒருவரே என்பது கருதத்தக்கது.

20ஆம் நூற்றாண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. 1926 முதல் எஸ். வையாபுரிப் பிள்ளை அதன் பதிப்பாசிரியராக இருந்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தலைச்சொற்களைக் கொண்ட இவ்வகராதியில் வரிசைமுறையின் கடைசி நுணுக்கமும் தீர்க்கப்பட்டது. எல்லா எழுத்துகளும் ஒத்து, சொற்கள் மட்டும் வேறானால் என்ன செய்வது? ஒரே எழுத்துக்கூட்டுடைய தலைச்சொற்களுக்குச் சிறிய மேலெண்கள் இடப்பட்டன. எழுத்துகள் சமமானால் எண்ணைப் பார்க்க வேண்டும். சமநிலையை முறிக்கும் இறுதிப் புலம் அது.

இதே காலத்தில் வேறொரு மரபு உலகின் மறுபுறம் வளர்ந்திருந்தது. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஹெர்மன் ஹாலரித் துளையட்டைப் பொறிகளை அமைத்தார். அவற்றின் வழிவந்த அட்டைப் பிரிப்பான் ஒரு நேரத்தில் ஒரு நெடுவரிசையை மட்டுமே காணும். துளையின் இடத்தைப் பொறுத்து அட்டையை உரிய பெட்டியில் இடும். அட்டைகளை மாவட்ட வாரியாகவும், மாவட்டத்துக்குள் வயது வாரியாகவும் அடுக்க வேண்டுமானால் எப்புலத்தை முதலில் பொறியில் இடுவது? மாவட்டம் என்றே எவரும் விடை கூறுவர். அவ்வாறு செய்தால், அடுத்து வயதால் பிரிக்கும்போது மாவட்ட வரிசை கலைந்துவிடும். எனவே முறை நேர்மாறானது: முக்கியம் குறைந்த புலத்தால் முதலிலும், மிக முக்கியமான புலத்தால் இறுதியிலும் பிரிக்க வேண்டும். வயதால் பிரித்த அட்டைகளை மாவட்டத்தால் பிரிக்கும்போது, ஒவ்வொரு மாவட்டப் பெட்டிக்குள்ளும் வயது வரிசை அப்படியே தங்கும்.

இம்முறை ஒரு நிபந்தனையைச் சார்ந்தது. புதிய புலத்தில் சமமாக உள்ள இரு பதிவுகள், முன்பு எவ்வரிசையில் இருந்தனவோ அவ்வரிசையிலேயே தொடர வேண்டும். கணினியியல் இப்பண்பை நிலைப்பு என்கிறது. எல்லா வரிசையாக்க முறைகளுக்கும் இது இல்லை. 1945இல் ஜான் வான் நாய்மன் வகுத்த இணைப்பு வரிசையாக்கத்துக்கு உண்டு. 1961இல் டோனி ஹோர் வெளியிட்ட விரைவு வரிசையாக்கத்தின் வழக்கமான வடிவத்துக்கு இல்லை. ஹோரின் முறை பிறந்த சூழல் அகராதியியலாருக்கு உவப்பானது. மாஸ்கோவில் அவர் மாணவராக இருந்தபோது உருசிய–ஆங்கில இயந்திர மொழிபெயர்ப்பில் ஈடுபட்டார். அகராதி காந்த நாடாவில் அகரவரிசையில் இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நாடாவை முன்னும் பின்னும் ஓட்ட இயலாது; ஆகவே வாக்கியத்தின் சொற்களை முன்கூட்டியே அகரவரிசையாக்க வேண்டியிருந்தது. அத்தேவையிலிருந்து விரைவு வரிசையாக்கம் தோன்றியது. பல புலங்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்துவோருக்கு நிலைப்பு இன்றியமையாதது என்பதை நிரல்மொழிகள் மெல்லவே ஏற்றன. பைத்தானுக்காக 2002இல் டிம் பீட்டர்ஸ் எழுதிய முறை நிலைப்புடையது. ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையோ 2019இல்தான் அதைக் கட்டாயமாக்கியது.

நிரலாளர் பெரும்பாலும் வேறு வழியைக் கையாள்கிறார். இரு பதிவுகளை ஒப்பிடும் ஒரு செயற்கூற்றை எழுதுகிறார்: முதல் புலத்தை ஒப்பிடு, சமமெனில் அடுத்ததை ஒப்பிடு, அதுவும் சமமெனில் அதற்கடுத்ததை. பேரகராதியைப் புரட்டும் விரல்கள் செய்வதும் இதையே. ஆனால் தமிழ்ப் பெயர்களோ சொற்களோ புலமாக அமையும்போது ‘ஒப்பிடு’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு வரலாற்று முடிவு ஒளிந்திருக்கிறது.

தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே எழுத்துகளுக்கு எல்லை வகுக்கிறது: தொடக்கம் அகரம், முடிவு னகரம். வகரத்துக்குப் பின் ழ, ள, ற, ன என வருவது தமிழ் நெடுங்கணக்கு. யூனிகோடின் தமிழ்ப் பகுதியோ 1988ஆம் ஆண்டின் இஸ்கி தரநிலையைப் பின்பற்றியது. இந்திய எழுத்துமுறைகள் அனைத்துக்கும் ஒரே சட்டகம் என்பது இஸ்கியின் கொள்கை. தேவநாகரியில் ஓர் எழுத்துக்கு எவ்விடமோ, பிற எழுத்துமுறைகளின் இணையெழுத்துக்கும் அவ்விடம். அதனால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ளகர ழகரங்களுக்குப் பின்னும் குறியெண் பெற்றன. குறியெண்களை மட்டும் ஒப்பிடும் நிரல் சொற்களை அறம், அலை, அளவு, அழகு, அவை என அடுக்கும். தமிழ் மரபின் வரிசை அலை, அவை, அழகு, அளவு, அறம். அனல் என்னும் சொல் அமுதுக்கு முன்னால் சென்றுவிடும். மெய்யெழுத்தும் இடம் மாறும்: பேரகராதி அக்கம் என்பதை அகம் என்பதற்கு முன் வைக்கும், குறியெண் வரிசையில் அகம், அகாலம் ஆகியவற்றைக் கடந்த பின்னரே அக்கம் வரும். ஏனெனில் அங்கே ‘க்’ ஓர் எழுத்தன்று. ககரமும் அதைத் தொடரும் புள்ளியுமாகிய இரு குறிகள்.

இதற்கு இரு விடைகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் அளித்து அவற்றை நெடுங்கணக்கின்படியே அடுக்குவது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்ற டேஸ்16 அவ்வகையது. மற்றொன்று, சேமிக்கும் எண்ணையும் அடுக்கும் வரிசையையும் பிரிப்பது. யூனிகோடின் வரிசைப்படுத்து நெறிமுறை இதைச் செய்கிறது. அதன்படி ஓர் எழுத்தே பல புலங்கள் கொண்ட பதிவாகிவிடுகிறது: அடிப்படை எழுத்து முதல் நிலை, அதன் மேற்குறி இரண்டாம் நிலை, பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது மூன்றாம் நிலை. முதல் நிலையில் சமமானால் மட்டுமே அடுத்த நிலைக்குச் செல்லும். ஒவ்வொரு மொழியும் பொது அட்டவணையின் மேல் தன் மரபுக்குரிய திருத்தங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். இத்திருத்தங்களை அழைக்காமல் வெறும் எண்களை ஒப்பிடும் நிரலே தவறான வரிசையைத் தருகிறது. பிழை யூனிகோடில் இருப்பதாகச் சொல்வது பாதி உண்மை. வரிசை என்பது தரவோடு தானாகவே வந்துவிடும் என்னும் நம்பிக்கையில்தான் மறுபாதி இருக்கிறது.

அந்நம்பிக்கையின் விலை சிறிதன்று. அச்சிட்ட பட்டியலில் தவறான இடத்தில் நிற்கும் சொல், தேடுவோருக்கு இல்லாத சொல். சொல்லடைவில் அறம் எங்கே என்று ளகரத்துக்குப் பின் தேடும் மாணவர், அது அலைக்கு முன்னால் இருப்பதை அறியாமல், நூலில் அச்சொல் பயிலவில்லை என்று முடிவுகட்டக்கூடும். பெயர்ப்பட்டியலில் இதே பிழை நேர்ந்தால் இல்லாமற்போவது ஒரு மனிதர்.

திருமுல்கேரிப் பதிவேட்டுக்குத் தீர்வும் இவ்வரலாற்றிலேயே இருக்கிறது. ‘தலைப்பெழுத்து’ என்னும் ஒரே கட்டத்துக்குள் வீட்டுப் பெயரையும் தந்தை பெயரையும் அடைத்த பின், எந்த வரிசையாக்க முறையாலும் அவற்றைப் பிரிக்க இயலாது. வீட்டுப் பெயர் ஒரு புலம், தந்தை பெயர் ஒரு புலம், இட்ட பெயர் ஒரு புலம் எனப் பொருளால் பிரித்து வைத்தால், குடும்பத்தைத் தேடுவோருக்கு ஒரு வரிசையையும் ஆளைத் தேடுவோருக்கு வேறொரு வரிசையையும் அதே பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரலாம். ஒரே மொழிக்கு நான்கு அகராதிகள் வேண்டும் என்று 1732இல் ஒருவர் முடிவு செய்ததன் பொருள் இதுவே. சரியான வரிசை ஒன்று உண்டு என்று அவர் கருதவில்லை. எதைத் தெரிந்துகொண்டு, எதைத் தேடி ஒருவர் வருகிறார் என்று முதலில் கேட்டார்.